கரும்பொருளும் தோற்றுப்போன விடைகளும்

அமெரிக்காவின் தென் டகோட்டா மாநிலத்தில் லீட் என்றொரு சிற்றூர். அதன் அடியில் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கம். நூறாண்டுகளுக்கு மேல் தங்கம் தந்துவிட்டு 2002-இல் ஓய்ந்த சுரங்கம் அது. இப்போது அதற்குள் இறங்குகிறவர்கள் தங்கத்துக்காக இறங்குவதில்லை. தரைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் கீழே, பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்றின் நடுவே, 10 டன் திரவ செனானைச் சுமந்துகொண்டு ஒரு டைட்டானியக் கலம் நிற்கிறது. லக்ஸ்-செப்ளின் என்று அந்தச் சோதனைக்குப் பெயர். செனான் அணு ஒன்றின் கருவை ஏதோ ஒன்று மெல்லத் தட்டிவிட்டுப் போகவேண்டும். அந்தத் தட்டலில் பிறக்கும் ஒளித்துணுக்கை மேலும் கீழும் அடுக்கிய ஒளிக்குழாய்கள் பிடித்துக்கொள்ளவேண்டும். இதற்காகத்தான் அத்தனை ஏற்பாடும்.

அந்த 'ஏதோ ஒன்று' இன்னும் வரவில்லை. 2024 ஆகஸ்டில் 280 நாள் தரவை அலசி முடிவை அறிவித்தார்கள்: எதுவும் இல்லை. முந்தைய எந்தக் கருவியும் சொன்னதைவிடக் கூர்மையான 'இல்லை' அது. செய்தித்தாள்கள் இதைத் தோல்வியாக எழுதின. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கரும்பொருளைப் பற்றி இன்று நமக்கு உறுதியாகத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, இப்படித் தோற்றுப்போன விடைகள் நமக்கு விட்டுச்சென்றதுதான்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. கரும்பொருள் என்பதில் ஒரு மெய்யெழுத்தை மாற்றினால் கருப்பொருள். நம் இலக்கணத்தில் கருப்பொருள் என்பது ஒரு நிலத்தின் மரம், பறவை, விலங்கு, பறை, யாழ் என்று கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிற எல்லாம். கரும்பொருளோ எதற்கும் எட்டாதது. 'கரும்' என்பதும் பொருந்தாத அடைமொழிதான். கரியது ஒளியை விழுங்கும். விழுங்கினால் நிழலாவது விழும். இது ஒளியை விழுங்குவதும் இல்லை, உமிழ்வதும் இல்லை. தெளிந்த கண்ணாடியைவிடத் தெளிந்தது. இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பது அதன் எடை மட்டும்.

அந்த எடையை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி. பல்கேரியாவில் பிறந்த சுவிஸ்காரர், கலிபோர்னியாவில் வேலை. கோமா என்ற கொத்தில் நூற்றுக்கணக்கான விண்மீன் திரள்கள் ஒன்றையொன்று சுற்றித் திரிகின்றன. அவற்றின் வேகத்தை 1933-இல் கணக்கிட்டபோது அவருக்கு ஒரு சிக்கல் எழுந்தது. வினாடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவில் ஓடுகிறவை எப்போதோ சிதறிப் போயிருக்கவேண்டும். சிதறாமல் பிடித்து நிறுத்தியிருப்பது எது? கண்ணுக்குத் தெரியும் ஒளியை வைத்துக் கணித்த நிறையைப்போல் 400 மடங்கு தேவைப்பட்டது. இந்த 400 இன்று நிற்காது. அன்று பிரபஞ்ச விரிவு வேகம் பல மடங்கு அதிகமாகக் கணிக்கப்பட்டிருந்தது. மேலும், கொத்துகளுக்குள் கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்தில் வாயு நிறைந்திருப்பதை எக்ஸ்-கதிர்க் கருவிகள் பின்னால் காட்டின. அந்த வாயுவின் எடை விண்மீன்கள் எல்லாவற்றின் எடையையும்விடப் பல மடங்கு. ஆக, ஸ்விக்கி 'இருண்டது' என்றவற்றில் ஒரு பகுதி சாதாரண ஹைட்ரஜன்தான். பார்க்கும் கண் அன்று நம்மிடம் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் அந்த வாயுவையும் சேர்த்த பிறகும் கொத்தின் நிறையில் ஆறில் ஐந்து பங்கு கணக்கில் வரவில்லை.

நாற்பதாண்டுகள் கழித்துச் சிக்கல் வீட்டு வாசலுக்கு வந்தது. வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் 1970-இல் நம் அண்டைத் திரளான ஆண்ட்ரமீடாவில் 67 வாயு மேகங்களின் வேகத்தை அளந்தார்கள். சூரியக் குடும்பத்தில் புதன் வினாடிக்கு 47 கிலோமீட்டர் ஓடுகிறது, நெப்டியூன் 5 கிலோமீட்டர் சொச்சம். தள்ளிப் போகப்போக வேகம் தளரும். ஆண்ட்ரமீடாவின் விளிம்பில் வேகம் தளரவில்லை. ரேடியோ தொலைநோக்கிகள், ஒளி முடிந்து வெகுதூரம் போன பிறகும் அதையே கண்டன. 1970-களின் முடிவுக்குள் பத்துக்கணக்கான திரள்கள் இதே கதையைச் சொல்லிவிட்டன.

கரும்பொருள் பற்றிய பெரும்பாலான எழுத்து இங்கே நின்று, உடனே 'அது என்ன துகள்?' என்று தாவிவிடுகிறது. எனக்கு இந்தத் தாவலில் உடன்பாடில்லை. திரள்களின் சுழற்சி மட்டுமே சான்று என்றால், காணாத பொருளை நம்பாமல் ஈர்ப்பு விதியைச் சந்தேகிப்பவரைக் குறை சொல்ல முடியாது. வலுவான சான்று வேறு இடத்தில், மிகப் பழைய ஒளியில் இருக்கிறது.

பிரபஞ்சத்துக்கு 3,80,000 வயதானபோது விடுபட்ட வெளிச்சம் இன்று நுண்ணலையாக எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. அதற்கு முன் வெளிச்சமும் எலெக்ட்ரான்களும் புரோட்டான்களும் ஒன்றோடொன்று ஒட்டிக் குழம்பாகக் கிடந்தன. எங்காவது கொஞ்சம் அடர்த்தி கூடினால் ஈர்ப்பு உள்ளே இழுக்கும். ஒளியின் அழுத்தம் வெளியே தள்ளும். இழுப்பும் தள்ளலும் மாறிமாறி வர, அந்தக் குழம்பு முழுக்க ஒலியலைகள் எழுந்தன. ஒளியோடு தொடர்பே இல்லாத பொருள் ஒன்று அங்கே இருந்தால், அதைத் தள்ள யாரும் இல்லை. அது குழியிலேயே உட்கார்ந்து மற்றதை இழுத்துக்கொண்டிருக்கும். அதனால் அமுங்கும் அலைகள் வலுப்பெறும், விரியும் அலைகள் பின்தங்கும். நுண்ணலைப் பின்னணியின் வரைபடத்தில் முதலாவது, மூன்றாவது முகடுகள் அமுங்கிய அலைகளுக்கு உரியவை. இரண்டாவது விரிந்த அலைக்கு. மூன்றாவது முகடு இரண்டாவதற்குக் கிட்டத்தட்டச் சமமாக நிமிர்ந்து நிற்கிறது. கரும்பொருள் இல்லாத உலகில் அது தாழ்ந்து கிடந்திருக்கும். பிளாங்க் விண்கலம் அளந்த உயரங்களிலிருந்து வரும் விகிதம், சாதாரணப் பொருள் ஒரு பங்குக்குக் கரும்பொருள் ஐந்தரைப் பங்கு.

இன்னொரு கணக்கு இதைவிட எளிது. அந்தப் பழைய ஒளியில் மேடுபள்ளம் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு. சாதாரணப் பொருள் ஒளியின் பிடியிலிருந்து விடுபட்ட பின்தான் திரளத் தொடங்க முடியும். அன்றிலிருந்து பிரபஞ்சம் 1,100 மடங்கு விரிந்திருக்கிறது. மேடுபள்ளமும் ஏறத்தாழ அத்தனை மடங்குதான் வளரும். லட்சத்தில் ஒன்று நூற்றில் ஒன்றாகியிருக்கும், அவ்வளவே. அதில் விண்மீன் பிறக்காது, பூமி பிறக்காது, இதைப் படிக்க ஆளும் இருக்காது. முன்கூட்டியே திரளத் தொடங்கிவிட்ட ஒன்று சாதாரணப் பொருளுக்குக் குழி வெட்டி வைத்திருக்கவேண்டும்.

அப்படி வெட்டியது யார் என்ற கேள்விக்கு வந்த முதல் பெரிய விடை நியூட்ரினோ. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ராமநாத் கௌசிக், பெர்க்லியில் இருந்தபோது ஜான் மெக்லெலண்டுடன் சேர்ந்து 1972-இல் ஒரு கணக்குப் போட்டார். பெருவெடிப்பின் மிச்சமாக ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் நூற்றுக்கணக்கான நியூட்ரினோக்கள் இருக்கவேண்டும். அவற்றுக்குக் கொஞ்சம் நிறை இருந்தாலே பிரபஞ்சத்தின் எடையில் பெரும்பங்கு அவற்றுடையதாகிவிடும். அடுத்த ஆண்டே, திரள்கொத்துகளைக் கட்டிவைத்திருப்பது நிறையுள்ள நியூட்ரினோக்களாக இருக்கலாம் என்று இருவரும் எழுதினார்கள். கரும்பொருளுக்குத் துகளியற்பியலில் விடை தேடிய முன்னோடி எழுத்துகளில் ஒன்று அது. கௌசிக்குக்கு நியூட்ரினோ அன்னியமானதும் அல்ல. அவருடைய நிறுவனத்தார் பங்குபெற்ற குழுதான், தமிழர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டிய கோலார் தங்கவயலின் ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடத்தை 1965-இல் பதிவு செய்திருந்தது. அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவில் இயங்கிய குழு ஒன்றும் அதைக் கண்டது. அதுவும் தங்கச் சுரங்கத்தில்தான்.

இந்த விடையின் அழகு, புதிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம் என்பதில் இருந்தது. நியூட்ரினோ உண்டு, எண்ணிக்கை தெரியும், எடை மட்டும்தான் பாக்கி. 1980-இல் மாஸ்கோக் குழு ஒன்று அந்த எடை 30 எலெக்ட்ரான் வோல்ட் அளவு என்று அறிவித்தது. தேவையான எடை கிட்டத்தட்ட அதுவே! கதவு திறந்துவிட்டது என்றுதான் பலர் நினைத்தார்கள்.

மூன்றே ஆண்டில் மூடிக்கொண்டது. சைமன் வைட், கார்லோஸ் ஃபிரெங்க், மார்க் டேவிஸ் மூவரும் நியூட்ரினோ நிறைந்த பிரபஞ்சத்தைக் கணினியில் வளர்த்துப் பார்த்தார்கள். நியூட்ரினோ ஆரம்பகாலத்தில் ஏறத்தாழ ஒளிவேகத்தில் பாய்வது. சிறிய மேடுகளை அழித்துச் சமன் செய்துவிடும். மிகப்பெரிய அமைப்புகளே முதலில் உருவாகும், அவை உடைந்து திரள்கள் பிறக்கவேண்டும். வானத்தில் கண்ட பரவலோடு அந்தக் கணினி உலகம் ஒத்துப்போகவில்லை. மாஸ்கோ அளவீடும் பின்னால் தவறென்று ஆனது. இன்று ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் உள்ள கேட்ரின் கருவி நியூட்ரினோவின் எடை 0.45 எலெக்ட்ரான் வோல்ட்டுக்குமேல் போகாது என்கிறது. நியூட்ரினோ தோற்றது. ஆனால் கரும்பொருள் மெதுவாக நகர்வதாக, 'குளிர்ந்ததாக' இருக்கவேண்டும் என்ற முதல் நிபந்தனையை எழுதிவைத்துவிட்டுத் தோற்றது.

அடுத்தது இன்னும் எளிய விடை: ஒளிராத விண்மீன்கள், கருந்துளைகள், கோள் அளவுள்ள கட்டிகள். மாச்சோ என்று கேலியாகப் பெயர் வைத்தார்கள். பார்க்க முடியாததை எப்படி எண்ணுவது என்பதற்கு போலந்து வானியலாளர் போதன் பாச்சின்ஸ்கி 1986-இல் வழி சொன்னார். தொலைவில் உள்ள விண்மீனுக்கும் நமக்கும் இடையே அப்படியொரு கட்டி கடந்தால், அதன் ஈர்ப்பு வில்லையைப்போல் ஒளியைக் குவித்து விண்மீனைச் சில நாள் பிரகாசமாக்கும். ஆஸ்திரேலியாவின் மவுண்ட் ஸ்ட்ரோம்லோவில் ஒரு குழு பெரிய மெகல்லன் மேகத்தின் ஒரு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களைப் பல ஆண்டுகள் கண்காணித்தது. அந்தத் தொலைநோக்கி 2003 ஜனவரிக் காட்டுத்தீயில் எரிந்துபோனது. அதற்குள் விடையும் பெரும்பாலும் தெரிந்துவிட்டது. மின்னல்கள் உண்டு, போதாது. போலந்துக் குழு ஒன்று இருபதாண்டுத் தரவை 2024-இல் வெளியிட்டு, சூரியனின் நிறையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கிலிருந்து பல மடங்குவரை கனமுள்ள எந்தக் கட்டியும் கரும்பொருளில் சிறு பகுதியாக மட்டுமே இருக்க முடியும் என்று காட்டிவிட்டது. பெருவெடிப்பின் முதல் சில நிமிடங்களில் சமைந்த டியூட்டிரியத்தின் அளவும் இதையே வேறு வழியில் சொல்கிறது: சாதாரணப் பொருள் இதற்குமேல் இருந்திருந்தால் அந்தச் சமையல் வேறு பதத்தில் முடிந்திருக்கும். இரண்டாவது நிபந்தனை கிடைத்தது. அது நாம் செய்யப்பட்ட சரக்கால் ஆனதல்ல.

ஒரு சந்து மட்டும் திறந்திருக்கிறது. பிரபஞ்சத்தின் முதல் வினாடியிலேயே, விண்மீன் எதுவும் பிறக்குமுன், நேரடியாகச் சுருங்கிய ஆதிக் கருந்துளைகளை ஸ்டீபன் ஹாக்கிங் 1971-இல் கற்பனை செய்தார். ஈர்ப்பலைக் கருவி 2015-இல் சூரியனைப்போல் முப்பது மடங்கு கனமுள்ள இரு கருந்துளைகளின் மோதலைக் கேட்டதும், கேட்டது கரும்பொருளையா என்று சிலர் கேட்டார்கள். அந்த எடையில் இடம் இல்லை. ஆனால் ஒரு சிறுகோளின் எடையை ஓர் அணுவின் அளவுக்குள் அடைத்த கருந்துளை என்றால், இன்றைய எந்தக் கருவியும் அதை உண்டென்றோ இல்லையென்றோ சொல்ல முடியாது. சுபாரு தொலைநோக்கி ஒரே ஓர் இரவு, ஏழு மணி நேரம் ஆண்ட்ரமீடாவை உற்றுப் பார்த்தே இந்தச் சந்தை ஒரு பக்கம் வெகுவாகக் குறுக்கியது. இத்தகைய சிக்கனமான வானியல் எனக்குப் பிடிக்கும்.

விம்ப் என்ற துகளின் கதை வேறு. நலிந்து மட்டுமே மற்றதோடு வினைபுரியும் கனத்த துகள் என்பது அதன் பொருள். புரோட்டானைப்போல் பத்திலிருந்து ஆயிரம் மடங்கு கனம் என்று எதிர்பார்ப்பு. பெருவெடிப்பின் வெப்பத்தில் இத்தகைய துகள்கள் பிறப்பதும் ஒன்றையொன்று அழிப்பதுமாக இருந்திருக்கும். பிரபஞ்சம் விரிந்து ஆறியதும் ஒன்றையொன்று சந்திக்க முடியாமல் விலகி, மிச்சம் தங்கிவிடும். எத்தனை மிஞ்சும் என்பது அழிவு வினை எவ்வளவு வலுவானது என்பதைப் பொறுத்தது. கதிரியக்கத்தின் ஒரு வகைக்குக் காரணமான நலிந்த விசையின் வலுவை அந்தச் சமன்பாட்டில் போட்டால், மிச்சம் இன்றைய கரும்பொருளின் அளவுக்கு ஏறத்தாழச் சமமாக வருகிறது. துகளியலாளர்கள் வேறொரு காரணத்துக்காக, மீச்சமச்சீர் என்ற கோட்பாட்டுக்காக, அதே எடையில் புதுத் துகள்களை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். வானத்தின் கணக்கும் ஆய்வுக்கூடத்தின் கணக்கும் ஒரே எண்ணில் வந்து நின்றன. 'விம்ப் அற்புதம்' என்று பெயரே வைத்தார்கள். இயற்பியலர்கள் அற்புதம் என்ற சொல்லைப் பயன்படுத்தும்போது கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது என்று இப்போது சொல்வது எளிது. அன்று நானும் அதை நம்பித்தான் படித்தேன்.

விம்பைப் பிடிக்கும் வேலையின் சிரமம் புரிய ஓர் அளவு போதும். பூமியின் மொத்தக் கன அளவுக்குள் எந்த நேரத்திலும் இருக்கும் கரும்பொருள் ஒரு கிலோவுக்கும் குறைவு. அதுவும் நிற்பதில்லை, சூரியன் வினாடிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் பால்வெளியைச் சுற்றுவதால், எதிர்க்காற்றாக நம்மை ஊடுருவிப் போய்க்கொண்டே இருக்கும். எப்போதாவது ஒன்று ஓர் அணுக்கருவில் இடிக்கும். அந்த இடியைக் கேட்க, அண்டக் கதிர்களின் இரைச்சல் எட்டாத ஆழம் வேண்டும். 1987-இல் ஜெர்மேனியப் படிகத்தை வைத்து முதல் தேடல் நடந்ததும் இதே ஹோம்ஸ்டேக் சுரங்கத்தில்தான். கனமான இன்னொரு வகை நியூட்ரினோ கரும்பொருளாக இருக்கலாம் என்ற, அன்று இருந்தவற்றிலேயே எளிமையான விம்ப் கருத்து, அந்த முதல் சுற்றிலேயே பெரும்பாலும் அடிபட்டது.

அதன்பின் கருவிகள் கோடிக்கணக்கான மடங்கு கூர்மையாயின. இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கடியில் டாமா குழு மட்டும் தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து கண்டோம், கண்டோம் என்று சொல்லி வருகிறது. சூரியன் ஓடும் திசையில் பூமியும் சேர்ந்து ஓடும் ஜூன் தொடக்கத்தில் எதிர்க்காற்று வலுக்கும், டிசம்பரில் தளரும். அவர்களுடைய சோடியம் அயோடைடு படிகங்களில் சமிக்ஞை அந்தத் தாளத்திலேயே ஏறி இறங்குகிறது. தாளம் உண்மை. காரணம்தான் வழக்கு. அதே படிகத்தை வைத்துத் தென்கொரியாவிலும் ஸ்பெயினிலும் நடத்திய சோதனைகளில் அந்தத் தாளம் இல்லை. ஜெனீவாவின் பெரிய மோதுகருவி 2012-இல் ஹிக்ஸ் போசானைத் தந்தது. மீச்சமச்சீர் துகள் ஒன்றையும் தரவில்லை. விம்ப் செத்துவிட்டதா? இல்லை. எடையையும் வினைவலுவையும் மாற்றிக்கொண்டே போக இடமிருக்கிறது. என் மனத்தாங்கல் அங்கேதான். நியூட்ரினோவுக்கு ஓர் எண் இருந்தது, அந்த எண்ணை அளந்தார்கள், தோற்றது. விம்புக்கு இன்று அப்படி ஓர் எண் இல்லை. தோற்கத் தெரியாத விடையிடம் கற்றுக்கொள்ளவும் அதிகமில்லை.

ஆக்சியான் இந்தக் குறையில்லாதது. கரும்பொருளுக்காக அது பிறக்கவேயில்லை. நியூட்ரானுக்குள் இருக்கும் மின்னூட்டங்கள் ஒரு பக்கம் சாய்ந்திருக்க வலுவிசை விதிகள் அனுமதிக்கின்றன. ஆனால் அளந்தால் சாய்வே இல்லை. ஏன் என்பதற்கு ராபர்ட்டோ பெச்சேயும் ஹெலன் குவின்னும் 1977-இல் ஒரு வழி சொன்னார்கள். அந்த வழியில் ஒரு புதுத் துகள் ஒளிந்திருப்பதை மறு ஆண்டு வைன்பெர்க்கும் வில்செக்கும் கண்டார்கள். ஒரு கறையைப் போக்கியதால் வில்செக் அதற்கு ஒரு சலவைத்தூளின் பெயரைச் சூட்டினார். எலெக்ட்ரானைப்போல் ஆயிரம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைந்த எடை என்றால், ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் நூறு லட்சம் கோடி ஆக்சியான்கள் இருக்கவேண்டும். இத்தனை நெருங்கினால் துகள் என்பதைவிட அலை என்பதே பொருத்தம். வலிய காந்தப்புலத்தில் அது மிகமெல்லிய ரேடியோ அலையாக மாறும் என்று பியர் சிக்கிவி 1983-இல் காட்டினார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கருவி, பழைய வால்வு ரேடியோவில் குமிழைத் திருகி நிலையம் தேடுவதுபோல, அலைவரிசையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் கேட்டு வருகிறது. கோட்பாடு கேட்ட நுண்மையை 2018-இல் அது எட்டியது. ஆனால் திருகிய தூரம் மிகச் சிறிது, பாக்கி வெகுதூரம்.

இதுவரை சொன்னவர்கள் எல்லாம் ஒரே கட்சி. பொருள் உண்டு, அது என்ன என்பதில்தான் சண்டை. பொருளே இல்லை, விதிதான் தவறு என்கிறவர்கள் எதிர்க்கட்சி. இங்கே பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியேவின் கதை எப்போதும் இழுத்து வரப்படும், நானும் இழுக்கிறேன். யுரேனஸ் கணக்கில் பிசகியபோது, காணாத ஒரு கோளின் ஈர்ப்பே காரணம் என்றார். 1846-இல் பெர்லினில் தொலைநோக்கியைத் திருப்பிய இரவே நெப்டியூன் அகப்பட்டது. புதன் பிசகியபோது 1859-இல் அதே மனிதர் அதே வழியில் இன்னொரு கோளைச் சொன்னார். வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. அரை நூற்றாண்டு தேடியும் இல்லை. நூறாண்டுக்கு 43 விநாடிக் கோணம் என்ற அந்தப் பிசகை 1915-இல் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்பு விதி தீர்த்தது. இரு கட்சிக்கும் ஆளுக்கொரு கிரகம் என்று இந்தக் கதையைச் சமன் செய்து முடிப்பார்கள். கவனிக்கவேண்டியது அதுவல்ல. ஐன்ஸ்டைன் அந்த 43-ஐப் பெற எந்தக் குமிழையும் திருகவில்லை.

இஸ்ரேலிய இயற்பியலர் மோர்டெகாய் மில்க்ரோம் 1983-இல் எழுதியதை இந்த உரைகல்லில்தான் உரசிப் பார்க்கவேண்டும். ஈர்ப்பின் முடுக்கம் ஒரு மிகச்சிறிய அளவுக்குக் கீழே போனால் நியூட்டனின் விதி வேறு வடிவம் எடுக்கிறது என்றார். அந்த அளவு எவ்வளவு சிறியதென்றால், அசையாமல் நிற்பவர் அந்த முடுக்கத்தில் நடைவேகத்தை எட்ட 260 ஆண்டுகள் ஆகும். ஒரே ஓர் எண். அதை வைத்துக்கொண்டு, திரளின் கண்ணுக்குத் தெரியும் நிறை 16 மடங்கானால் விளிம்பின் வேகம் சரியாக இரண்டு மடங்காகும் என்றார், ஆகிறது. மங்கலான, பரந்து விரிந்த திரள்களும் இதே விதிக்கு அடங்கும் என்றார். அவற்றை அன்று யாரும் சரியாக அளந்ததுகூட இல்லை. தொண்ணூறுகளில் அளந்த ஸ்டேசி மெக்கா, கரும்பொருளை நம்பி ஆய்வைத் தொடங்கியவர், மில்க்ரோம் சொன்னதே வருவதைக் கண்டு கட்சி மாறினார். 2016-இல் அவரும் தோழர்களும் 153 திரள்களின் 2,693 புள்ளிகளை ஒரே படத்தில் வைத்தார்கள். தெரியும் பொருளின் ஈர்ப்பும் உண்மையில் இருக்கும் ஈர்ப்பும் ஒரு மெல்லிய கோட்டில் ஒட்டிக்கொண்டிருந்தன. அதே ஆண்டு கிரேட்டர் 2 என்ற குட்டித் திரளின் உள்வேகம் வினாடிக்கு 2.1 கிலோமீட்டர் இருக்கும் என்று முன்கூட்டியே எழுதினார், அளந்தபோது 2.7 வந்தது, பிழை எல்லைக்குள் ஏறக்குறைய அதுவே. பால்வெளியின் இழுப்பில் அந்தத் திரள் தன் கரும்பொருளை இழந்திருக்கும் என்று மறுதரப்பு பிறகு விளக்கியது. விளக்கம் சரியாகவே இருக்கலாம். ஆனால் முன்னே சொன்னவர் ஒருவர், பின்னே சொன்னவர் இன்னொருவர்.

திரளைத் தாண்டினால்தான் மில்க்ரோமின் விதி, மோண்ட், தடுமாறுகிறது. கொத்துகளில் அதன் கணக்குப்படியும் ஏறக்குறைய பாதி நிறை காணோம். மோதி ஊடுருவிய இரு கொத்துகளான 'தோட்டா'வை 2006-இல் படமெடுத்தபோது, வாயு நடுவில் தங்கிவிட, ஒளியை வளைக்கும் ஈர்ப்பு வாயுவை விட்டுத் திரள்களோடு போய்விட்டிருந்தது. நுண்ணலைப் பின்னணியின் இரண்டாவது முகடு தாழ்ந்திருக்கும் என்று மெக்கா முன்பே சொன்னது பலித்தது, மூன்றாவது கைவிட்டது. ஜேக்கப் பெக்கன்ஸ்டைன் 2004-இல் இந்த விதிக்குச் சார்பியல் உடை தைத்தார். 2017 ஆகஸ்ட் 17 அன்று, 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் மோதிய நியூட்ரான் விண்மீன்களின் ஈர்ப்பலையும் காமாக் கதிரும் 1.7 வினாடி இடைவெளியில் வந்து சேர்ந்தபோது அந்த உடை கிழிந்தது. அதில் ஈர்ப்பும் ஒளியும் ஒரே பாதையில் ஓடமாட்டா. ஸ்கோர்டிஸ், ஸ்வோஷ்னிக் இருவரும் 2021-இல் தைத்த புதிய உடை நுண்ணலை முகடுகளுக்கும் பொருந்துகிறது. ஆனால் அதிலுள்ள ஒரு புலம் ஆரம்பப் பிரபஞ்சத்தில் அச்சு அசலாகக் கரும்பொருளைப்போலவே நடந்துகொள்கிறது. வாசலில் விரட்டியவரைக் கொல்லைப்புறமாக அழைத்து வந்ததுபோல.

தீர்ப்புக்கு உதவக்கூடிய சாட்சி ஒன்று சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலர் சந்திரசேகரிடமிருந்து வருகிறது. விண்மீன்களின் கூட்டத்தினூடே கனமான ஒன்று நகர்ந்தால், அது இழுத்த விண்மீன்கள் அதன் பின்னால் குவிந்து அதையே பின்னுக்கு இழுக்கும் என்று 1943-இல் அவர் நிறுவினார். மோதாமலே உராய்வு! இழுப்பவை துகள்களாக இருந்தால்தான் இந்த உராய்வு இருக்கும். விதியை மட்டும் மாற்றினால், வெட்டவெளியில் உராய எதுவும் இல்லை. நம் பால்வெளியின் நடுவே விண்மீன்கள் நீண்ட கட்டைபோல் திரண்டு சுழல்கின்றன. கையா விண்கலத்தின் தரவை வைத்துச் சிபாவும் ஷோன்ரிச்சும் 2021-இல் கணித்தபடி, அந்தக் கட்டை பிறந்ததிலிருந்து தன் சுழற்சியில் ஏறத்தாழ கால்பங்கை இழந்திருக்கிறது. ஏதோ ஒன்றில் உரசிக்கொண்டிருக்கிறது. மற்றத் திரள்கள் சிலவற்றின் கட்டைகள் எதிர்பார்த்ததைவிட வேகமாகவே சுழல்கின்றன என்பதையும் சொல்லிவிடவேண்டும்; மோண்ட் தரப்பு அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெகுதொலைவில் ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்களிலும் இதே இழுபறி. ஒரே கையா தரவிலிருந்து ஒரு குழு நியூட்டன் தோற்றார் என்கிறது, மற்றொன்று மில்க்ரோம் தோற்றார் என்கிறது.

என் கட்சி எது என்று கேட்டால், பொருள் இருக்கிறது என்பதே. மூன்றாவது முகட்டைக் கரும்பொருளின் சாயல் இல்லாமல் நிமிர்த்திக் காட்டியவர் இன்னும் இல்லை. ஆனால் அந்த 2,693 புள்ளிகள் என் கட்சியின் தீராத கடன். கரும்பொருள் தன்னிச்சையாகத் திரளுமென்றால், கண்ணுக்குத் தெரியும் சிறுபான்மைப் பொருளுக்கு இவ்வளவு அடங்கி நடப்பானேன்? விண்மீன்கள் வெடித்து உட்பகுதியைக் கலக்கியதால் என்கிறார்கள். கரும்பொருள் தனக்குள்ளேயே மோதிக்கொள்ளும் என்றும், குளிர்ந்தால் உராய்வற்ற மீப்பாய்மமாகி மில்க்ரோமின் விதியைப்போல் நடிக்கும் என்றும் இடைவழி தேடுகிறவர்கள் உண்டு. இவர்களில் யாரும் இன்னும் மில்க்ரோமைப்போல் ஒரே எண்ணோடு வந்து நிற்கவில்லை.

மோண்ட் தரப்பின் கடனிலும் ஒரு வேடிக்கை உண்டு. கொத்துகளில் காணாமல்போன அந்தப் பாதியை நிரப்ப அவர்கள் ஒரு காலத்தில் நம்பியது நியூட்ரினோவை. 2 எலெக்ட்ரான் வோல்ட் எடை இருந்தால் போதும் என்றார்கள். கார்ல்ஸ்ரூ கருவி அந்த வழியையும் அடைத்துவிட்டது.

ஹோம்ஸ்டேக்குக்குத் திரும்பலாம். செனான் கலம் நிற்கும் குகை ரேமண்ட் டேவிஸ் பெயரால் அறியப்படுவது. 1960-களில் அங்கே 600 டன் சலவைத் திரவத்தை நிரப்பி, சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களை முதன்முதலில் எண்ணியவர் அவர். சுரங்கம் மூடிய ஆண்டிலேயே அவருக்கு நோபல் பரிசு வந்தது. இப்போது செனான் கலங்கள் இவ்வளவு கூர்மையாகிவிட்டதால் அந்தப் பழைய விருந்தாளியான நியூட்ரினோ தானாகவே வந்து தட்டத் தொடங்கிவிட்டார். கிரான் சாஸோவிலும், சீனாவின் ஜின்பிங் மலைக்கடியிலும் இருக்கும் செனான் கருவிகள் 2024-இல் அதன் முதல் தடயங்களை அறிவித்தன. இந்தத் தட்டல்கள் பெருகும் எல்லைக்கு நியூட்ரினோ மூட்டம் என்று பெயர். அதற்குள் புகுந்துவிட்டால் எது விம்ப், எது நியூட்ரினோ என்று பிரித்தறிவது கடினம். சூரியனின் நடுவில் போரான்-8 சிதையும்போது புறப்படும் நியூட்ரினோ, எட்டு நிமிடத்தில் பூமிக்கு வந்து, ஒன்றரைக் கிலோமீட்டர் பாறையைப் பொருட்படுத்தாமல் கடந்து, செனான் கருவைத் தொட்டுவிட்டுப் போகிறது. புரோட்டானைப்போல் ஆறு மடங்கு எடையுள்ள விம்ப் ஒன்று தட்டினால் எப்படி இருக்குமோ, அப்படியே இருக்கிறது அந்தத் தட்டல்.